சர்க்கரைக்காரர் வீட்டில் சோற்றை ஆற வைப்பது எப்படி?

"சோத்தை ஆற வெச்சு மறுநாள் சாப்பிட்டா சுகர் ஏறாதாம்." வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, ராத்திரி முழுக்கச் சோற்றைக் குக்கரிலேயே மூடி வைத்துவிட்டார் அப்பா. மறுநாள் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு அதைச் சாப்பிட்டார். மதியத்துக்குள் நாலு தடவை வாந்தி. குளுக்கோமீட்டரில் சுகர் 62, ரொம்பக் குறைவு.

சேதியில் பாதி உண்மை. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி லேசில் செரிக்காததாக மாறுகிறது. சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும். கொஞ்சம்தான், அதற்காக இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ள முடியாது. வம்பெல்லாம் ஆற வைக்கிற விதத்தில்.

படி 1: குக்கரைத் திறந்ததும் சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்புங்கள். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சு விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

படி 2: ஆவி அடங்கியதும், ஒரு மணி நேரத்துக்குள், தட்டையான டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

படி 3: மறுநாளே, வேண்டிய அளவு மட்டும் எடுத்து, தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஒரே தடவைதான்.

பழைய சோறு? புளிப்பு பல கிருமிகளை அடக்கும் என்பது சரிதான். ஆனால் நாள்பட்ட சர்க்கரையில் வெள்ளையணுக்களின் எதிர்ப்பு குறையும். நரம்பு பாதித்தவர்களுக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அதை நிறுத்திவிட்டோம்.

படி 4: அப்படியும் வாந்தி, பேதி வந்துவிட்டால் இரண்டு மணிக்கொரு தடவை சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். வாந்தியில் அதுவும் தங்கவில்லை, அல்லது ஆள் மயங்குகிறார் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

வாந்தி, பேதியில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். கரைசலை, இனிக்கிறதே என்று அப்பா குடிக்க மறுத்தார். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், பயப்பட வேண்டாம். அதில் பொட்டாசியம் உண்டு. கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

வாந்தி, பேதி என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் போடுகிறவர்கள், அடுத்த மாத்திரைக்கு முன்பே டாக்டருக்கு போன் போடுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அவற்றை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.