கால் வயிறும் முழு இலையும்: எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் வேலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு

குடியாத்தத்தில் வாசற்படி ஏறும் முன்பே அத்தை கேட்டது, "இன்னாடி இப்டி இளைச்சுட்ட, சுகரா?" என்றுதான். நம் பக்கத்தில் ஒருவர் மளமளவென்று இளைத்தால் முதலில் சொல்லப்படும் காரணம் சர்க்கரை. அடுத்தது, வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் நோய்கள். மூன்றாவது, புருஷன் சரியில்லை. இரைப்பையைக் குறைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே இந்தக் கேள்விக்குப் பதிலைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

எனக்கு லண்டனில் ஸ்லீவ் அறுவை, அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடும் ஆபரேஷன், நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை ஊருக்குப் போய்வந்துவிட்டேன். முதல் முறை ஆபரேஷனையே மறைத்து, "டயட்ல இருக்கேன்" என்றேன். பெரிய தப்பு. டயட் என்ற சொல்லை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை. "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே கரண்டி இறங்கும். இரண்டாம் முறை, "வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கார்" என்றேன். கரண்டி அப்படியே நின்றது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கி வைத்த ஆஸ்பத்திரி இன்று சி.எம்.சி. என்ற பெரிய மருத்துவமனையாக நிற்கும் வேலூர்ப் பக்கம் இது. டாக்டர் சொன்னார் என்றால் சாமி சொன்ன மாதிரி. என்ன ஆபரேஷன் என்று துருவுகிறவர்களிடம் விவரம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நான் அத்தையிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் தெருவுக்கே தெரிந்திருந்தது, அது வேறு கதை.

எப்போது போகலாம்

அறுவை முடிந்ததும் முதலில் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மிருதுவானது என்று படிப்படியாக ஏறி, சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஏறக்குறைய 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் ஊருக்குக் கிளம்பாதீர்கள். என்னைக் கேட்டால் ஆறு மாதமாவது பொறுத்துப் போங்கள். எது ஒத்துக்கொள்கிறது, எது நெஞ்சில் நிற்கிறது என்று உங்கள் வயிறு உங்களுக்குப் பழகியிருக்கும். எப்படியும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தேதி குறியுங்கள்.

பாஸ்போர்ட் படத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். என் படத்தில் இருந்தவளுக்கு இரண்டு தாடை. குடியேற்றக் கவுன்ட்டரில் இருந்தவர் படத்தையும் என்னையும் மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். அண்மையில் எடுத்த வேறொரு அடையாள அட்டையும் கையில் இருந்தால் நல்லது. ஆபரேஷன் என்ன, எந்தத் தேதியில் நடந்தது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிய மருத்துவர் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் புரோட்டீன் பவுடர் டப்பா இருந்தால், "இது என்ன வெள்ளைப் பொடி?" என்ற கேள்விக்கும் அந்தக் கடிதமே பதில்.

பந்தி

ஸ்லீவ் செய்தவர்களுக்கு இரைப்பையில் ஏறக்குறைய கால் பங்குதான் மிச்சம், குழாய் போல. பைபாஸ் (இதயத்தில் செய்வது அல்ல, இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) செய்தவர்களுக்கு அதைவிடச் சின்னப் பை, தொடக்கத்தில் 30 மில்லி அளவுதான். இந்த இடத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்பார்கள். அதனால் முதல் நான்கு வாய் புரதம், அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. நம் இலையோ இதற்கு நேர் எதிர். முதலில் இனிப்பு வைப்பார்கள், பிறகு சோற்று மலை, கூட்டும் பொரியலும் ஓரத்தில்.

ஆம்பூரில் ஒரு நிக்காஹ் விருந்து. சீரகச் சம்பா பிரியாணி, தயிர்ப் பச்சடி, புளியும் எள்ளும் வேர்க்கடலையும் அரைத்து ஊற்றிய கத்தரிக்காய். அந்த வாசனைக்கு முன் எந்த டயட்டீஷியன் சொன்னதும் ஞாபகம் வராது. பேச்சு சுவாரசியத்தில் இரண்டு வாய் சோற்றை மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல்லைக் கட்டி இறக்கிய மாதிரி இருந்தது. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறியது. எழுந்து ஓடி, கை கழுவும் இடத்தில் வெள்ளை நுரையாகத் துப்பிக்கொண்டு நின்றேன். பின்னாலேயே வந்த பெரியம்மா முதுகைத் தடவிவிட்டு, காதருகே குனிந்து, "முழுகாம இருக்கியா கண்ணு?" என்றார். எனக்கு அப்போது வயது 43.

சிரிப்புக்கு நடுவில் ஒரு விஷயம். எடை இறங்கினால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை முழுதாக நம்ப முடியாது. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை குழந்தை வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இளம் ஜோடிகள் ஊருக்குப் போகும்போது இதையும் யோசித்துவிட்டுப் போவது நல்லது.

அப்படிச் சோறு நின்றுவிட்டால் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், இன்னும் மோசமாகும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து மெல்ல நடந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

இரண்டாம் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட தந்திரம் இது. கல்யாண வீட்டில் இலை முன் உட்காராதீர்கள். சாம்பார் வாளியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவரை யாரும் "சாப்பிடு, சாப்பிடு" என்று வற்புறுத்த மாட்டார்கள். "புள்ள எவ்ளோ பொறுப்பா கீறா பாரு" என்று நல்ல பெயரும் வரும். கடைசிப் பந்தியில், சமையல்காரர்களோடு உட்கார்ந்து, இரண்டு துண்டுக் கறியை அரைமணி நேரம் மென்றாலும் கேட்க ஆளில்லை. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி என்று வலுக்கட்டாயமாக உட்கார வைத்துவிட்டால், பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனை உட்கார வையுங்கள். உங்கள் இலையில் மிச்சம் இருக்காது.

பிரியாணியில் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு கத்தரிக்காயைத் தொட்டுச் சாப்பிடுவது என் வழக்கம். இந்தப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழைய வெந்தால் வெண்ணெயாகக் கரையும், எண்ணெயை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டால் போதும். ஆட்டுக்கறி நார் நாராக இருந்தால் விட்டுவிடுங்கள். கைமாவாக்கிச் செய்த கோலா உருண்டை, மீன், முட்டை இவையெல்லாம் எளிதில் இறங்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், எந்தக் குக்கிராமத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சி.எம்.சி. எதிரே உள்ள சந்துகளில், வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காகவே நடக்கும் சின்னச் சின்ன ஓட்டல்கள் உண்டு. அங்கே காரம் குறைந்த மீன் குழம்பு கிடைக்கும், சோறு வேண்டாம் என்றாலும் முறைக்க மாட்டார்கள்.

களி, கூழ், மக்கன் பேடா

வடாற்காட்டுக்காரர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. கேழ்வரகுக் களியை நாம் மெல்வதில்லை. உருட்டி, நடுவில் குழி போட்டு, கருவாட்டுக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவோம். மென்றால் "களிய மெல்லாத, பல்லுல ஒட்டும்" என்று ஆயா திட்டும். மெல்லாமல் எதையும் விழுங்கக் கூடாது என்பது நம் புது வயிற்றின் முதல் சட்டம். ஒரு உருண்டை களி போனால், அந்தக் குழாயில் மூடி போட்டது போலத்தான். களி வேண்டாம், அதே கேழ்வரகைக் கூழாகக் கேளுங்கள். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளாமல், அரைத் தம்ளரை ஒரு வேளை ஆகாரமாகவே மெதுவாகக் குடிக்கலாம். கால்சியமும் கிடைக்கும். ஆனால் கூழ் சுலபமாக வழுக்கி இறங்கிவிடும், வயிறு நிறைந்தது என்று சொல்லவே சொல்லாது. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் வார்க்கும்போது நாலு அம்மன் கோயிலில் நாலு சொம்பு என்றால் எடை பழையபடி ஏற ஆரம்பிக்கும்.

மக்கன் பேடா. ஆற்காட்டுக்குப் போய் அதைச் சாப்பிடாமல் வருவது எப்படி என்று கேட்பீர்கள். பைபாஸ் செய்தவர்கள் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். பாகில் ஊறிய சர்க்கரை நேராகச் சிறுகுடலில் போய் விழும், அது சுற்றிலும் இருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பத்து நிமிஷம் முதல் அரைமணிக்குள் நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்றைச் சுருட்டி இழுக்கும் வலி, பேதி. இதற்கு டம்பிங் என்று பெயர். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கிக் கை நடுங்கும். ஸ்லீவ்காரர்களுக்கு இது குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. நான் சாப்பாட்டுக்குப் பிறகு கால் பேடா, அதுவும் உள்ளே இருக்கும் பருப்புப் பக்கமாகப் பார்த்துக் கிள்ளிக்கொள்வேன். கரும்புச்சாறும் கோயில் பொங்கலும் இதே கணக்குத்தான். பிரசாதத்தை விரல் நுனியில் தொட்டுக் கண்ணில் ஒற்றி வாயில் வைத்தாலே சாமி ஏற்றுக்கொள்வார்.

வெயில்

வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கென்றே நம் ஆட்கள் லீவு போட்டு வருகிறார்கள். அது சரியாகக் கத்திரி வெயிலின் நட்டநடு. வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும். முன்பு தாகமெடுத்தால் ஒரு சொம்பை மடமடவென்று காலி செய்திருப்போம். இப்போது அது முடியாது. அண்ணாந்து குடிப்பதும் ஆகாது, தண்ணீரோடு காற்றும் உள்ளே போய் வலிக்கும். உங்களுக்கென்று ஒரு பாட்டில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு மிடறு குடியுங்கள். சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரைமணி நேரம் வரையிலும் தண்ணீர் கூடாது என்பதால், மிச்ச நேரத்தில்தான் ஒன்றரை முதல் இரண்டு லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். நீர்மோர், இளநீர், நுங்கு எல்லாம் நம் பக்கம். நுங்கை மட்டும் நன்றாக மென்று சாப்பிடுங்கள்.

பேதி வந்தால் மற்றவர்களைவிட நாம் சீக்கிரம் துவண்டுவிடுவோம், இழந்த நீரை வேகமாகக் குடித்து ஈடுகட்ட முடியாதே. மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவன முறை என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொடியைக் கேட்டு வாங்குங்கள். பழச்சாறு போல டப்பாவில் வருவதில் சர்க்கரை அதிகம்.

ஒரு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். தெருமுனை கிளினிக்கில் முதல் வேலையாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தொடர் வாந்தியில் உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தையமின், வற்றியிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் நரம்புக்கும் மூளைக்கும் கேடு. "எனக்கு இரைப்பை அறுவை ஆகியிருக்கிறது, முதலில் தையமின் போடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள், கடிதத்தையும் காட்டுங்கள். இடுப்புவலி, மூட்டுவலி என்று போனால் டைக்ளோஃபெனாக் ஊசி சர்வசாதாரணம். பைபாஸ்காரர்களுக்கு அதுவும் ஐப்யூப்ரோஃபெனும் புண் உண்டாக்கும், பாராசிட்டமால் போதும். வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று வலித்துக் காய்ச்சலும் வந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், வேகமாக இளைத்தவர்களுக்கு அது வரும். அவசரத்துக்கு 108.

மாத்திரைகளை நாட்கணக்குக்கு மேல் பத்து நாள் கூடுதலாக எடுத்துப் போங்கள். கால்சியம் என்று பொதுவாகக் கேட்டால் கடையில் பெரும்பாலும் கார்பனேட்தான் எடுத்துக் கொடுப்பார்கள், நமக்கு சிட்ரேட் நல்லது. கால்சியத்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். ஊரில் மணிக்கொரு டீ வருவதால் இதற்கு நேரம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நான் விடியற்காலை, பால்காரர் வருவதற்கு முன்பே முடித்துவிடுவேன். பி12 ஊசி போடும் நாள் பயணத்துக்குள் வந்தால் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெண்களுக்கு. ஊருக்குப் போனோம் என்று பத்து ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். எடை ஓரிடத்தில் நிற்கும்வரை இரண்டு போதும், அதிலும் உள்ளே பிடிக்க நிறையத் துணி விடச் சொல்லுங்கள். என் முதல் பயணத்து ஆறு ஜாக்கெட்டும் இப்போது அத்தை மகளிடம் இருக்கின்றன. அவளுக்குக் கச்சிதமாக இருக்கிறதாம்.