பூந்தமல்லி நெடுஞ்சாலை: ஒரு சாலையின் பெயர்களைத் தேடும் முறை

சென்னையைக் கிழக்கிலிருந்து மேற்காக ஊடறுத்துச் செல்லும், பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றும் அழைக்கப்படும் ஈ.வெ.ரா. பெரியார் சாலையின் வரலாற்றை எழுத முனைவோரும், அங்குள்ள பழைய மனையொன்றின் பத்திரத்தைச் சரிபார்ப்போரும், பெயர்களைத் தேடுவதற்கு முன் வழித்தடத்தைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். பெயர்கள் பலமுறை மாறியிருக்கின்றன. தடமோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்தையும் எதிரிலுள்ள பொது மருத்துவமனையையும் தொடக்கமாகக் குறித்து, விக்டோரியா பொது மண்டபம், ரிப்பன் மாளிகை, எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி, அமைந்தகரை, அரும்பாக்கம், கோயம்பேடு, மதுரவாயல் என்று மேற்கே நகர்ந்து பூந்தமல்லியில் முடியுங்கள். நேரில் பார்க்க விரும்புவோர் நேரு பூங்கா முதல் பச்சையப்பன் கல்லூரி வரையிலான பகுதியை நடந்தே கடப்பது நல்லது; அங்கு மெட்ரோ ரயில் சாலைக்கு அடியிலேயே ஓடுவதால் திரும்பும் வழியும் எளிது.

அடுத்ததாக, கட்டிய ஆண்டு உறுதியாகத் தெரிந்த கட்டடங்களைத் தடத்தின்மேல் குறியுங்கள். புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1821இல் திறக்கப்பட்டது. இளகிய மண்ணில் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் அடித்தளம் அமைத்து எழுப்பப்பட்ட அது இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. ரிப்பன் மாளிகை 1913இல் கட்டி முடிக்கப்பட்டது. இத்தகைய ஒரு கட்டடத்தின் முகவரி வெவ்வேறு ஆண்டுகளின் ஆவணங்களில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டால், எந்தப் பெயர் எப்போது புழக்கத்துக்கு வந்தது என்பது தெளிவாகிவிடும். பெயர்ப்பலகையை மட்டும் நம்புவதைக் காட்டிலும் இது பலமடங்கு நம்பகமான வழி என்பது என் உறுதியான கருத்து.

பெயர்களை அடுக்கும்போது, பெயரிட்டவர் யார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சென்று சேரும் ஊரை வைத்து வந்தது பூந்தமல்லி நெடுஞ்சாலை. ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை, ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலை ஆகியவற்றின் வரிசையில், நெடுந்தூர நெடுஞ்சாலை என்ற கணக்கில் வந்தது கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் சாலை. பெரியாரின் நூற்றாண்டையொட்டி 1979இல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, இது பெரியார் பெயரைப் பெற்றது. 2021 ஏப்ரலில் நெடுஞ்சாலைத் துறையின் பதிவிலும் பலகைகளிலும் பழைய டிரங்க் சாலைப் பெயர் தோன்றியதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு துறையின் பதிவேட்டில் உறங்கும் பெயர் எத்தனை ஆண்டுகள் கழித்தும் வெளியே வரக்கூடும் என்பதால், மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, பதிவுத் துறை ஆகிய மூன்றின் பதிவுகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை எண்ணும் இப்படித்தான்: பழைய வரைபடங்களில் 4 என்றிருப்பது இப்போது 48.

பேச்சுவழக்குப் பெயர்களுக்கும் தாளில் ஓர் இடம் ஒதுக்குங்கள். ஆட்டோ ஓட்டுநரிடம் இன்றும் 'பி.எச். ரோடு' (பூந்தமல்லி ஹை ரோடு) என்றால் போதும். தாசப்பிரகாஷ் ஓட்டல் இடிக்கப்பட்ட பின்னரும் அந்தச் சந்திப்பை மக்கள் தாசப்பிரகாஷ் என்றே சொல்கிறார்கள்.

பத்திரம் தேடுவோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். ஊர்ப்பெயர் பூந்தமல்லி என்றும் பூவிருந்தவல்லி என்றும் எழுதப்படுவதால் இரு வடிவங்களிலும் தேடுங்கள். வேப்பேரியிலுள்ள ஈ.வெ.கி. சம்பத் சாலை வேறு சாலை. முதலெழுத்துகளைப் பார்த்துக் குழம்பிவிடக் கூடாது. கதவிலக்கம் பல கட்டடங்களில் 'பழைய எண்', 'புதிய எண்' என இரண்டாக இருக்கும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று (மனைமீதான பத்திரப் பதிவுகளைக் காட்டும் சான்று) கேட்கும்போது சாலைப் பெயரையும் கதவிலக்கத்தையும் மட்டும் நம்பாமல், தாய்ப்பத்திரத்திலுள்ள (முந்தைய மூலப் பத்திரத்திலுள்ள) சர்வே எண்ணையும் நான்கெல்லைகளையும் முதன்மையாகக் கொள்ளுங்கள்; நகர நில அளவையில் அந்த எண்ணும் மாறியிருந்தால், பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு அறிந்த பின்னரே விண்ணப்பத்தை நிரப்புங்கள்.