உராய்வில் எது எந்த வகை? கண்டுபிடிப்பது எப்படி

ஒரு தடிமனான புத்தகத்தில் ரப்பர் பேண்டை மாட்டி, மேசைமேல் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பேண்ட் நீண்டுகொண்டே போகும், புத்தகம் அசையாது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் சட்டென்று நகரும், அந்த நொடியில் பேண்ட் சற்றுச் சுருங்குவதைக் கவனியுங்கள். அசையும் வரை பிடித்து வைத்திருந்தது நிலை உராய்வு. நகர்ந்தபின் எதிர்ப்பது இயக்க உராய்வு, பொதுவாக இதுதான் சிறியது.

பலரும் சறுக்குவது நிலை உராய்வில்தான், ஏனென்றால் அதற்கு ஒரே மதிப்பு கிடையாது. 10 கிலோ பெட்டி, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றே வைத்துக்கொள்வோம், தரை தரும் செங்குத்து விசை 100 நியூட்டன். நிலை உராய்வுக் குணகம் (செங்குத்து விசையில் எத்தனை பங்கு வரை உராய்வு போகலாம் என்று சொல்லும் எண்) 0.5 என்றால் உச்ச உராய்வு 50 நியூட்டன். சரி, 20 நியூட்டனில் தள்ளினால் உராய்வு எவ்வளவு? 50 என்று எழுதாதீர்கள் (நானும் எழுதியிருக்கிறேன்), 20தான். 50 ஆக இருந்தால் பெட்டி தள்ளுபவர்மேலேயே திரும்பி வர வேண்டும்! 50ஐத் தாண்டினால்தான் நகரும். அப்புறம் இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்றால் எதிர்ப்பு 30 நியூட்டன், வேகம் மாறினாலும் கிட்டத்தட்ட அதேதான்.

வகையைக் கண்டுபிடிக்க, பொருள் நகர்கிறதா என்று பார்க்காதீர்கள், தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றனவா என்று பாருங்கள். நடக்கும்போது நாம் நகர்கிறோம், ஆனால் தரையில் ஊன்றிய பாதம் வழுக்குவதில்லை. ஆகவே அது நிலை உராய்வு, காலைப் பின்னால் உந்தும்போது நம்மை முன்னால் தள்ளுவதே அதுதான். பிரேக்கை இறுக்கிச் சக்கரம் சுற்றாமல் தேய்ந்தபடி போனால் அங்கே இயக்க உராய்வு, பிடி குறையும். கார்களில் ஏபிஎஸ் என்னும் பிரேக் அமைப்பு சக்கரத்தைப் பூட்டிக்கொள்ள விடாமல் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

உருளும் உராய்வு, டயர் அழுந்தி மீளும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போவதால் வருவது, மிகச் சிறியது. நீர், காற்றின் எதிர்ப்புக்கு மட்டும் மேலே போட்ட குணகக் கணக்கு செல்லாது, அது வேகத்தோடு கூடும்.

குணகத்தை வீட்டிலேயே அளக்கலாம். பலகைமேல் புத்தகத்தை வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள், நழுவத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். தூக்கிய முனையின் உயரத்தை, அதற்கு நேர் கீழுள்ள புள்ளியிலிருந்து மறுமுனை வரை உள்ள தூரத்தால் வகுத்தால் நிலை உராய்வுக் குணகம். அதன்மேல் இன்னொரு புத்தகத்தை அடுக்கினாலும் ஏறக்குறைய அதே சாய்வில்தான் நழுவும்: எடை கூடியதில் உராய்வும் கூடியது, கீழே இழுக்கும் விசையும் அதே அளவில் கூடியது.