சிங்கப்பூர் வீவக வீட்டுல முதல் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்குற உப்புத்தண்ணி மீன் தொட்டி)

மொதல்ல இடம் பாருங்க. 60x45x45 செ.மீ. டேங்க்னா தண்ணி மட்டுமே 120 கிலோ கிட்ட வரும், பழைய டிவி மேசை தாங்காது.

குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தாதீங்க, நம்ம தண்ணில கிருமி கொல்லப் போடுற குளோரமைன் இருக்கு, காத்தாட வச்சாலும் லேசுல போகாது. ஆர்ஓ டிஐ (வடிகட்டி நல்லா சுத்தம் பண்ணின) தண்ணில, ரீஃப் டேங்க்குக்குன்னே விக்கிற ரீஃப் சால்ட் லிட்டருக்கு 35 கிராம் சுமாருக்குக் கலந்து, உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல அடர்த்தி 1.025 வருதான்னு பாருங்க. சமையல் உப்பு வேண்டவே வேண்டாம்.

லைவ் ராக் (நல்ல பாக்டீரியா இருக்குற பாறை), மணல் போட்டு, மீன் கழிவுல வர்ற விஷத்தை மாத்துற பாக்டீரியா பெருகுற வரைக்கும் நாலஞ்சு வாரம் மீன் இல்லாம சும்மா ஓட விடணும். இதுதான் கஷ்டமே. அம்மா தினமும் "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடா கரண்டு"ன்னு கேப்பாங்க, நான் பொறுக்காம ரெண்டாவது வாரமே கிளவுன்ஃபிஷ் வாங்கிட்டு வந்து மூணே நாள்ல பறிகொடுத்தேன். டெஸ்ட் பண்ணா அம்மோனியா, நைட்ரைட்ங்கிற அந்த விஷம் ரெண்டும் சைபர் ஆனப்புறம்தான் மீன்.

இங்க பெரிய தலைவலி சூடுதான். ஹால்ல 31 டிகிரி, பவளத்துக்கு 25, 26 தான் சுகம். ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ஆனா தண்ணி வேகமா வத்தும், வத்துறது தண்ணி மட்டும்தான் உப்பு இல்ல, அதனால உப்பு கலக்காத ஆர்ஓ டிஐ தண்ணிதான் ஊத்தணும் உப்புத்தண்ணி இல்ல. காசிருந்தா தண்ணிய குளிர வைக்கிற சில்லர் மெஷினே வாங்கிடுங்க.

பவளம்னா முதல்ல மஷ்ரூம், ஸோவாந்தஸ் போதும். ஸோவாந்தஸ தொடும்போது கையுறை போடுங்க, விஷம் இருக்கலாம்.

அப்புறம் ஒயர் பிளக்கை விடக் கீழ தொங்கி மேல ஏறணும், இல்லன்னா சொட்டுற உப்புத்தண்ணி நேரா சாக்கெட்டுக்குள்ள போயிடும்.