பாஸ் கையில் இருந்தும் வண்டியை ஏன் திருப்பினார்கள்?

2021 ஜூன், கொரோனா ஊரடங்குக் காலம். வெளியூர் போக அரசின் இ-பாஸோ இ-பதிவோ கேட்ட நேரம். தாம்பரத்தில் எங்கள் டாக்சி ஸ்டாண்டுக்கு அந்த ஒரு மாதத்தில் புதிதாக நான்கு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் ஸ்கூல் வேன் ஓட்டியவர்கள். பள்ளிக்கூடம் திறக்காததால் சொந்தமாக வண்டி எடுத்திருந்தார்கள். அவர்களில் ஒரு தம்பி துக்க வீட்டுச் சவாரியாக நாகப்பட்டினம் போனவன் வழியில் மாட்டிக்கொண்டு, சுற்றோ சுற்று என்று சுற்றிப் போய்ச் சேர்ந்தான். என்னடா ஆச்சு என்று கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல, 2020 ஜூன் மாதம் நான் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாஸ்க் போடுங்கள், காய்ச்சல் இருந்தால் வண்டி ஏறாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். வழியில் ஆளை மாட்டிவிட்டது வேறு விஷயங்கள்.

முந்தைய வருஷக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு கிளம்புவது

2020 ஜூனில் தமிழ்நாட்டை 8 மண்டலங்களாகப் பிரித்தார்கள். சென்னை 8-வது மண்டலம், சுற்றியுள்ள செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் 7-வது. பஸ்கூட ஓடாத இரண்டு மண்டலங்கள் இவைதான். சென்னை வண்டி என்றாலே ஊர் எல்லையில் மிரண்டார்கள்.

2021 ஜூன் 21 முதல் கதை தலைகீழ். மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். வகை 1-ல் கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என 11 மாவட்டங்கள். கட்டுப்பாடு அதிகம் இங்கேதான். சென்னையும் சுற்றியுள்ள மூன்றும் வகை 3. தளர்வு அதிகம் இங்கே. மீதி 23 மாவட்டங்கள் வகை 2. எண் சின்னதாக இருந்தால் கட்டுப்பாடும் குறைவு என்று நினைத்துக்கொண்டு போனவர்களை அந்த வாரமே பார்த்துவிட்டேன். இங்கே பஸ் ஓடுகிறதே, அங்கேயும் அப்படித்தானே என்று கேட்டார்கள். இல்லை. போய்ச் சேரும் இடத்தில் என்ன விதியோ, அதுதான் உங்களுக்கும்.

ஊரை மட்டும் பார்த்து, வழியைப் பார்க்காமல் விடுவது

இன்னும் எனக்கு ஆறாத தவறு இது.

2020 ஜூனில் மாடம்பாக்கத்தில் இருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடலூரில் அவருடைய தாயார் அன்று அதிகாலை இறந்துவிட்டார். அவருடைய பேரன் உட்கார்ந்து விண்ணப்பித்து, காலை ஒன்பதுக்குள் இ-பாஸ் வாங்கிவிட்டான். நெருங்கிய உறவினர் மரணம் என்ற காரணம், வண்டி எண், என் பெயர், மூன்று பயணிகள் என்று எல்லாம் சரி. ஒரு எழுத்துக்கூடப் பிழை கிடையாது. புறப்பட்ட இடம் செங்கல்பட்டு மாவட்டம், சேரும் இடம் கடலூர் மாவட்டம். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பழக்க தோஷத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தேன். மரக்காணம் வரை தடையே இல்லை.

கனகசெட்டிக்குளத்தில் பேரிகேட் போட்டு மூடியிருந்தார்கள். அது புதுச்சேரி எல்லை. என் கையில் இருந்தது தமிழ்நாடு அரசு கொடுத்த பாஸ். அந்தப் பாஸுக்குப் புதுச்சேரிக்குள் மதிப்பு கிடையாது. நாங்கள் இறங்கப்போவதில்லை சார், நேராகத் தாண்டிப் போய்விடுவோம் என்று கெஞ்சினேன். சென்னைப் பக்கத்து வண்டியை உள்ளே விட உத்தரவு இல்லை என்றார் அந்தக் காவலர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் தன் வேலையைச் செய்தார். மேலதிகாரியிடம் பேசிப் பார்க்கலாம் என்று அங்கேயே முக்கால் மணி நேரத்தை விட்டேன். அதுவும் தப்பு.

அங்கிருந்து கடலூர் ஒரு மணி நேரத் தூரம்தான். வண்டியைத் திருப்பி, மரக்காணம் வந்து, திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி என்று சுற்றினேன். அந்த அம்மா பின் சீட்டில் மாலையை மடியிலேயே வைத்திருந்தார். வாழையிலையில் வைத்து ஈரத் துணி சுற்றிய மாலை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் அடிக்கும். “வந்துக்கிட்டே இருக்கேன்டா” என்று மட்டும் சொல்லி வைப்பார். விழுப்புரம் தாண்டியதும் போன் நின்றுவிட்டது. நாங்கள் போய் நின்றபோது வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். தெருமுனை வரைக்கும் பூ சிதறிக் கிடந்தது. அந்தக் காலத்தில் யாரும் உடலை வைத்துக் காத்திருக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும். மாலையைப் பிரிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாம்பரத்தில் இருந்தே திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி வழியாகப் போயிருந்தால் தமிழ்நாட்டை விட்டு ஓர் அடி வெளியே போயிருக்க வேண்டாம். மதியத்துக்குள் முகம் பார்த்திருப்பார்.

நம் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் புதுச்சேரியைத் தவிர்த்து விழுப்புரம், பண்ருட்டி, வடலூர் வழியாகச் சிதம்பரம் வரை ஒழுங்காகப் போயிருக்கிறான். சீர்காழி, தரங்கம்பாடி தாண்டி நண்டலாற்றில் நின்றுவிட்டான். காரைக்காலும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் வாஞ்சூர் தாண்டினால்தான் மறுபடி நாகை மாவட்டம். சீர்காழியிலேயே திரும்பி மயிலாடுதுறை, பேரளம், திருவாரூர் வழியாகப் போயிருக்க வேண்டும். மேப் இதைச் சொல்லாது. அது எது பக்கமோ அதைக் காட்டும்.

கேரளா போகிறவர்களுக்கும் இதேதான். 2020 மே மாதம் வாளையாரில் எத்தனை பேர் வெயிலில் நின்றார்கள்! பலர் கையில் தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதற்கான பாஸ் இருந்தது. கேரளாவுக்குள் நுழைய அந்த மாநிலத்தின் கோவிட் ஜாக்ரதா தளத்தில் தனியாகப் பதிந்து அனுமதி வாங்க வேண்டும் என்பதைப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. வெளியே விடுகிறவர் ஒருவர், உள்ளே விடுகிறவர் வேறொருவர். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் எந்தச் சவாரியானாலும் வழியில் வரும் மாவட்டங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். கோவை என்றால் செங்கல்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம், குமாரபாளையத்துக்காக நாமக்கல், அப்புறம் ஈரோடு, திருப்பூர், கோவை. எட்டு மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வகை எண். தலைவாசலில் சேலம் மாவட்டம் தொடங்குகிறது, வகை 1-ம் அங்கேதான் தொடங்கியது. சாப்பாடு, டீசல், டயருக்குக் காற்று எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துக்கொள்வேன். இதை எழுத ஐந்து நிமிடம் ஆகும்.

இ-பதிவும் இ-பாஸும் ஒன்று என்று நினைப்பது

இ-பதிவு என்பது நீங்களே விவரத்தைப் போட்டு, ஆவணத்தை இணைத்துப் பதிந்துகொள்வது. யாரும் அனுமதி தர வேண்டியிருக்கவில்லை. 2021 மே 17-ல் வந்தது. இ-பாஸ் அப்படி இல்லை. ஓர் அதிகாரி பார்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது, அவரால் மறுக்கவும் முடிந்தது. அப்போது இரண்டும் ஒரே இணையதளத்தில் இருந்ததால் ஆட்கள் குழம்பினார்கள். வகை 2, 3 மாவட்டங்களில் கல்யாணத்துக்குப் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. அதைத் தந்தவர் கல்யாணம் நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியர், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆட்சியர் இல்லை. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி, குற்றாலத்துக்கு அவசரக் காரியம் என்றாலும் இ-பாஸ்தான் கேட்டார்கள். இ-பதிவுத் தாளைக் காட்டினால் கீழேயே திருப்பிவிட்டார்கள்.

பழைய மாவட்டப் பெயரை எழுதுவது

ஆதாரில் காஞ்சிபுரம் என்று இருக்கும், ஆனால் தாம்பரம் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டம். மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் நாகையில் இருந்து பிரிந்தது. தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களும் கவனியுங்கள். விண்ணப்பத்தில் இன்றைய மாவட்டத்தை எழுதுங்கள். முகவரி பற்றிக் கேட்டால் பதற்றப்படாமல் பிரிந்த கதையைச் சொல்லுங்கள்.

வண்டியை மாற்றுவது

பாஸில் இருந்த எண்தான் ரோட்டில் ஓட வேண்டியிருந்தது.

டாக்சியில் நான்காவது ஆளை ஏற்றுவது

ஓட்டுநர் தவிர மூன்று பேர்தான் என்று இருந்தது. குழந்தைதானே என்ற பேச்சே கிடையாது.

பொய்க் காரணம்

என் வண்டியில் வேண்டாம். 2021 மே மாதம் ஆட்கள் திருமணம் என்று பொய் சொல்லிப் பதிந்ததால் இ-பதிவில் இருந்து அந்தக் காரணத்தையே எடுத்தார்கள். நிஜமாகவே வீட்டில் கல்யாணம் வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள்.

உத்தரவு மாறும் நாளில் ரோட்டில் இருப்பது

அந்த உத்தரவு 2021 ஜூன் 28 திங்கட்கிழமை காலை 6 மணி வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு எந்த மாவட்டம் எந்த வகைக்குப் போகும் என்பது அடுத்த அறிவிப்பில்தான் தெரிய இருந்தது. ஞாயிறு ராத்திரி கிளம்பி திங்கள் காலை போய்ச் சேருகிற சவாரிக்கு இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அறிவிப்பைப் படித்து, தாளில் வகை எண்களைத் திருத்தி எழுதிவிட்டுத் திங்கட்கிழமை ஏழு மணிக்கு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.