பெருந்தொற்று வரும்போது எமர்ஜென்சி டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய தொற்று எதுவும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவதில்லை. பெயர் தெரியாத காய்ச்சலாக, இன்னொரு மூச்சுத்திணறலாக மற்ற நோயாளிகளுக்கு நடுவில் வந்து உட்காருகிறது, பெரும்பாலும் அவசர சிகிச்சைப் பிரிவில். 2019 டிசம்பர் கடைசியில் வூஹானில் ஒரு பரிசோதனை அறிக்கையில் 'சார்ஸ் கொரோனா வைரஸ்' (கடுமையான நுரையீரல் தொற்றைத் தருவது) என்றிருந்ததைச் சிவப்பில் வட்டமிட்டு இன்னொரு மருத்துவருக்கு அனுப்பிய ஐ ஃபென், அங்கே ஒரு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவராக இருந்தவர். உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11-ல். இடையில் இரண்டு மாதத்துக்கும் மேலே ஓடிவிட்டது. அறிவிப்பு வரட்டும், சுற்றறிக்கை வரட்டும், அப்புறம் தயாராகலாம் என்று உட்கார்ந்திருப்பதுதான் முதல் தவறு. பெரும்பாலான மற்ற தவறுகளும் இதிலிருந்துதான் கிளைவிடுகின்றன.

நம்மில் பலருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. எப்படிப் பரவும், எந்த மாஸ்க் வேண்டும், எந்த வரிசையில் பாதுகாப்பு உடையைக் கழற்ற வேண்டும் என்று கேட்டால் சரியாகவே சொல்லிவிடுவோம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, மூன்று ஆம்புலன்ஸ் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது, அந்தப் பிரிவில் இருக்கும் எல்லோருடைய கையும் அதைச் சரியாகச் செய்கிறதா என்பதுதான் கேள்வி. படித்து வைத்திருப்பதையே தயாரிப்பு என்று நம்பிவிடுவதைப்போல ஆபத்தான நம்பிக்கை எமர்ஜென்சியில் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

பயண விவரம் கேட்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 செப்டம்பர் 25-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், லைபீரியாவிலிருந்து வந்திருந்த ஒருவர் காய்ச்சலோடு எமர்ஜென்சிக்குப் போனார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பதைச் செவிலியர் கேட்டார், பதிவும் செய்தார். அப்படியும் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 28-ம் தேதி ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார், எபோலா. அவர் இறந்துபோனார், அவரைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்கும் தொற்றியது. கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் ஏட்டில் ஏறியது, ஆனால் முடிவெடுக்கும் ஆளின் தலைக்கு அது போய்ச் சேரவில்லை. அதனால் எங்கே போய் வந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், சமீபத்தில் வேறு மருத்துவமனையில் இருந்தீர்களா என்ற மூன்றையும் டிரையேஜில், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று தரம்பிரிக்கும் இடத்தில், கேட்பது மட்டும் போதாது. சந்தேகப்படும்படி பதில் வந்தால் செவிலியர் டாக்டரிடம் வாயால் சொல்லியாக வேண்டும், அந்த நிமிடமே நோயாளிக்கு மாஸ்க் கொடுத்துத் தனி இடத்துக்கு மாற்றும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். டாக்டர் வந்து பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம்.

காத்திருக்கும் இடத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது அடுத்தது. 2003-ல் டொராண்டோவில் சார்ஸ் பரவிய கதை இங்கேதான் சூடுபிடித்தது. என்ன நோயென்று தெரியாத ஒருவர் எமர்ஜென்சியில் இரவு முழுக்கப் படுத்திருந்தார், பக்கத்துப் படுக்கைகளுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது வெறும் திரைதான். 2015-ல் சியோலில் இன்னும் மோசம். மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸ் நோய் தொற்றிய ஒருவர் மே 27 முதல் 29 வரை ஒரு பெரிய மருத்துவமனையின் எமர்ஜென்சியில் இருந்தார், அவரிடமிருந்து 82 பேருக்குத் தொற்றியது. அதில் மருத்துவமனை ஊழியர்கள் 8 பேர்தான், பாதிப்பேர் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களும் துணைக்கு இருந்தவர்களும். அவர் முன்பு இருந்த மருத்துவமனையில் மெர்ஸ் இருந்தது என்ற தகவல் இங்கிருந்த டாக்டர்களுக்கு உரிய நேரத்தில் வரவில்லை. அந்த ஆண்டு தென் கொரியாவில் மொத்தத் தொற்றே 186 என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், நெரிசலான ஓர் அறை என்ன செய்யும் என்பது புரியும். வார்டில் இடம் இல்லை என்று நோயாளியை நாள்கணக்கில் எமர்ஜென்சியிலேயே வைத்திருப்பதை நிர்வாகச் சிக்கல் என்று பேசி நமக்குப் பழகிவிட்டது. தொற்றுக் காலத்தில் அது தொற்றைப் பரப்பும் வேலை. யாரைத் துணைக்கு விடுவது, இருமுபவரை எங்கே உட்காரவைப்பது, எந்த ஜன்னலைத் திறப்பது என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

சரி, மாஸ்க்குக்கு வருவோம். என்95 என்றால் பிடிக்கச் சிரமமான 0.3 மைக்ரான் துகள்களிலேயே குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும் வடிகட்டி. ஆனால் அது வடிகட்டிக்குச் சொன்ன கணக்கு. ஓரத்தில் காற்று கசிந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. உங்கள் முகத்துக்கு எந்த அளவு, எந்த வடிவம் பொருந்துகிறது என்று ஃபிட் டெஸ்ட் செய்து பார்த்திருக்கிறீர்களா? தாடி வைத்துக்கொண்டு என்95 போடுவது, மூக்குக் கம்பியை அழுத்தாமல் விடுவது, இரண்டு வாரையும் ஒரே இடத்தில் மாட்டுவது, ஒவ்வொரு முறையும் ஊதிப் பார்த்துக் கசிவைச் சோதிக்காமல் உள்ளே ஓடுவது, இதையெல்லாம் அனுபவமுள்ளவர்களே செய்கிறார்கள்.

அதைவிட முக்கியம் கழற்றுவது. போடும்போது எல்லோரும் கவனமாக இருப்போம், கழற்றும் நேரத்தில் வியர்த்து, தாகமெடுத்து, எப்போது வெளியே வருவோம் என்றிருக்கும், அப்போதுதான் கை முகத்துக்குப் போகும். கையுறை, கண்ணாடி, கவுன், அறையை விட்டு வெளியே வந்த பிறகு கடைசியாக மாஸ்க் என்பது பரவலாகச் சொல்லித்தரப்படும் வரிசைகளில் ஒன்று. உங்கள் மருத்துவமனை வேறு வரிசையை வைத்திருந்தாலும் பரவாயில்லை, எல்லோரும் ஒரே வரிசையைப் பின்பற்றினால் போதும். நடுவில் கை அசுத்தமானதாகச் சந்தேகம் வந்தால் உடனே, இல்லாவிட்டாலும் கடைசியில் கட்டாயம், கையைச் சுத்தம் செய்ய வேண்டும். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கழற்றும்போது எதிரில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்லும் முறையை ஆள் பற்றாக்குறை என்று முதலில் வெட்டிவிடுகிறார்கள், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கவுனில் ஒளிரும் பொடியைத் தூவிக் கழற்றச் சொல்லி, பிறகு புற ஊதா விளக்கில் காட்டும் பயிற்சி ஒன்று உண்டு. கழுத்திலும் மணிக்கட்டிலும் பொடி மின்னுவதை ஒரு முறை பார்த்தவர் அப்புறம் அவசரப்பட மாட்டார். இந்தப் பயிற்சி டாக்டர்களுக்கு மட்டும் என்று நின்றுவிடக் கூடாது. தூய்மைப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லோருக்கும் வேண்டும்.

ஒருவருக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு முடித்த அறைக்குள் அடுத்த நோயாளியை உடனே கொண்டுவருவதும் அடிக்கடி நடக்கிறது. மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில்கூட மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும், 6 முறைதான் மாறுகிறது என்றால் 46 நிமிடம். உங்கள் அறையில் மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்று இன்றைக்கே பொறியியல் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நோயறிதல். பெருந்தொற்று உச்சத்தில் இருக்கும்போது கண்ணுக்கு எல்லாமே அந்த நோயாகவே தெரியும். மூச்சுத்திணறலா, கோவிட். காய்ச்சலா, கோவிட். அந்தத் திணறல் மாரடைப்பாக இருக்கலாம், நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பாக இருக்கலாம், சர்க்கரை எகிறியதில் வந்த வேகமான மூச்சாகவும் இருக்கலாம். சோதனை முடிவு வரும்வரை ஈசிஜி எடுக்காமல் நிற்பது, பாசிட்டிவ் என்று வந்ததும் மற்ற யோசனைகளை மூடிவைப்பது, இரண்டும் உயிரை எடுக்கும். 2020 மார்ச் 29 முதல் ஏப்ரல் 25 வரை அமெரிக்காவில் எமர்ஜென்சிக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் குறைவு. அவர்கள் எல்லோரும் நலமாக இருந்தார்கள் என்று யார் நம்புவார்கள்? பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டு, முற்றிய பிறகு வருபவர் நம் முன்னால் வரும்போது அவரையும் தொற்றுக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தால் அவருக்கு வேறு வழியே இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: நெகட்டிவ் என்று வந்தால் ஆள் சுத்தம் என்று எடுத்துக்கொள்வது. கோவிட்டுக்கு ஆர்டிபிசிஆர் பற்றி 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறிகுறி தொடங்கிய நாளில் சோதித்தால் தொற்று உள்ளவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்குத் தவறாக நெகட்டிவ் வரலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். நோயாளியைப் பார்த்தால் சந்தேகம் இருக்கிறது, காகிதத்தில் இல்லை என்றால் மறுபடி சோதியுங்கள், அதுவரை தனிமையிலேயே வையுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். கருமையான தோலில் அது ஆக்சிஜன் அளவை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். திரையில் 94 என்று இருப்பதோடு நிறுத்தாமல், மூச்சு எண்ணிக்கையை நீங்களே எண்ணுங்கள், முடிந்தவரை சிறிது நடக்கவைத்தும் பாருங்கள்.

சிகிச்சையில் அவசரப்படுவது தனிக் கதை. மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கோவிட்டுக்கு எத்தனையோ பேர் நம்பிக்கையோடு எழுதினார்கள், 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு மருத்துவமனை நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று காட்டியது. அதே மாதம் அதே ஆய்வுதான் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதையும் கண்டது. கூடவே, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்றும் சொன்னது, ஆனால் அந்தப் பாதியைப் பலர் படிக்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த நெறிமுறையைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு மூன்று மாதம் அப்படியே விடாதீர்கள். ஒரு ஆளை நியமித்து, அவர் மட்டும் மாற்றி, தேதி போட்டு ஒட்டட்டும், பழையதைக் கிழித்துவிடட்டும்.

ஆக்சிஜன் கணக்கை ஸ்டோருக்கு மட்டும் விட்டுவிடவும் வேண்டாம். 7,000 லிட்டர் கொண்ட பெரிய சிலிண்டர் நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும், ஹை ஃப்ளோ எனும் அதிவேக முறையில் 60 லிட்டர் போனால் இரண்டு மணி நேரம்கூட வராது. எத்தனை படுக்கையில் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று ஷிஃப்ட் மாறும்போது சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக, டியூட்டியில் இருப்பவரின் உடம்பு. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கோவிட்டால் 80,000 முதல் 1,80,000 வரை சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. லேசான காய்ச்சல்தானே, ஆள் இல்லையே என்று வேலைக்கு வருவதைத் தியாகம் என்று யாரும் பாராட்ட வேண்டாம், அவர் ஓய்வறையில் மாஸ்க்கைக் கழற்றிச் சாப்பிட உட்காரும்போது ஒரு ஷிஃப்டே படுத்துவிடும். காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது, அந்த இடத்துக்கு யார் வருவார், சம்பளம் பிடிக்கமாட்டார்கள் என்று யார் உறுதி சொல்வார், இவை மூன்றையும் பிரிவுத் தலைவர் இப்போதே எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். ஒத்திகை நடத்துவதென்றால் அதை நல்ல வெளிச்சத்தில், எல்லோரும் இருக்கும் பகல் நேரத்தில் வைக்காமல், ஆள் குறைவான ஓர் இரவு ஷிஃப்டில் முன்கூட்டிச் சொல்லாமல் வைத்துப் பாருங்கள்.