விழுந்ததா, இறங்கியதா, சரிந்ததா: எந்த இடத்தில் எந்த ஆங்கில வினை?

இலங்கை மலையகத்தில் இருக்கிற நமக்கு நாள் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். பஸ்ஸை விட்டு இறங்குகிறோம், படியில் இறங்குகிறோம், லொறியில் இருந்து மூட்டை இறக்குகிறோம், பெருமழை என்றால் மண்ணும் இறங்குகிறது. 'இறங்கு', 'விழு' இரண்டை வைத்தே தமிழில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால்தான் தொல்லை. ஃபால், ட்ரொப், டிசென்ட், ஸ்லிப், ஸ்லைட், சிங்க் என்று வரிசையாக வந்து நிற்கும். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் நேரே ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் போட்டிருக்கும்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கும், எல்ல பக்கம் கைட் வேலைக்குப் போக நினைக்கிற இளைஞர்களுக்கும் பின்னேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பொருளை மனப்பாடம் பண்ண விடுவதில்லை. எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். இறங்கியது தன் பிடியில் இருந்ததா? தரையைத் தொட்டுக்கொண்டே வந்ததா, அந்தரத்தில் வந்ததா? தானாக வந்ததா, யாராவது விட்டார்களா?

முதல் கேள்விக்கு நம்முடைய ரயில் பாதையே போதும். நாட்டிலேயே மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல, கிட்டத்தட்ட 1,890 மீட்டர். அதைத் தாண்டினால் பதுளை வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தான். தெமோதரையில் நிலையத்தை விட்டுக் கிளம்பும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்துக்கு அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள் நுழைகிறது. அவ்வளவு இறக்கத்திலும் ரயில் சாரதியின் பிடியில்தான் இருக்கிறது. இதற்குத்தான் டிசென்ட். ஆனால் டிசென்ட் கொஞ்சம் கோட்டு சூட்டுப் போட்ட சொல். கட்டுரையில், அறிவித்தலில் எழுதலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரரிடம் பேசும்போது 'தி ட்ரெய்ன் கோஸ் டவுன்' என்றால் போதும். அங்கே ஃபால் போட்டீர்கள் என்றால் மனுஷன் பயந்து ஜன்னலைப் பிடித்துக்கொள்வார்.

கோ டவுனா, கம் டவுனா என்பதில் குழப்பமே தேவையில்லை. நம்முடைய போ, வா மாதிரிதான். சிவனொளிபாத மலை உச்சியில் நின்று பேசினால் கோ டவுன், கீழே நல்லதண்ணியில் காத்துக்கொண்டிருந்தால் கம் டவுன்.

பிடி இருந்ததா இல்லையா என்று பார்க்காமல் எழுதினால் செய்தியே மாறிவிடும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி, ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த டச்சு விமானம் ஒன்று சப்த கன்னியர் மலையில் மோதி, அதில் இருந்த 191 பேரும் இறந்துபோனார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் 'பிளேன் விழுந்தது' என்றுதான் சொல்வார்கள். தமிழில் அது சரி. ஆங்கிலத்தில் 'தி ப்ளேன் ஃபெல்' என்று எழுதினால், வானத்தில் ஏதோ பழுதாகிக் கல் மாதிரி விழுந்தது என்று ஆகிவிடும். நடந்தது அதுவல்ல. கொழும்பில் தரையிறங்குவதற்காக அது உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது, இடையில் மலை நின்றது. டிசென்டிங் என்று எழுதி, மோதிய இடத்துக்கு க்ராஷ்ட் போட வேண்டும். பஸ் பாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் பாய்வது வேறு. அங்கே பிடி விட்டுப்போய்விட்டது, அதனால் ஃபெல் அல்லது ப்ளஞ்ட்.

வாகனத்தில் இருந்து நாம் இறங்குவதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில் என்றால் கெட் ஒஃப். குனிந்து வெளியே வர வேண்டிய ஆட்டோ, கார் என்றால் கெட் அவுட் ஒஃப். மோட்டார் சைக்கிளுக்கும் கெட் ஒஃப்தான். இலங்கையில் எல்லோரும் கெட் டவுன் என்கிறோம், யாருக்கும் விளங்காமல் போகாது. பரீட்சையில் மட்டும் கெட் ஒஃப் எழுதுங்கள். கொழும்பில் இருந்து சாமான் வரவழைப்பதையும் நம்மவர்கள் கெட் டவுன் என்பார்கள். இது 'சாமான் இறக்கினேன்' என்பதற்கு அப்படியே பொருந்துகிறது, எனக்குப் பிடித்த பிரயோகமும்கூட. ஆனால் வெளிநாட்டுக்காரருக்குத் தலையும் விளங்காது, வாலும் விளங்காது.

'இறக்கு' என்பதும் ஆங்கிலத்தில் பிரிந்துபோகும். ஆட்டோக்காரர் ஆளை டவுனில் இறக்கிவிட்டால் ட்ரொப் ஒஃப், லொறியில் இருந்து உர மூட்டை இறக்கினால் அன்லோட், கொடியை இறக்கினால் லோவர்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மழை நேரத்தில் கொழுந்து மலையில் ஒரு அக்கா நிற்கிறார் என்று வையுங்கள். ஈரக் கல்லில் கால் வைத்தார், கால் வழுக்கியது. ஒரு கணத்தில் முடிகிற காரியம், அதனால் ஸ்லிப்ட். அப்புறம் சேற்றோடு சேர்ந்து அடுத்த நிரை வரைக்கும் சறுக்கிக்கொண்டே போகிறார். உடம்பு தரையை விடவில்லை, ஓட்டம் தொடர்கிறது, அது ஸ்லைட். இறந்தகாலத்தில் ஸ்லிட் என்று வரும், ஸ்லைடட் என்று ஒன்று கிடையாது. செடியைப் பிடித்து நின்றுவிட்டார். முதுகில் இருந்த கூடை கழன்று உருண்டு போகிறது, அது ரோல்ட் டவுன். கடைசியில் கானுக்குள் விழுகிறது, ஃபெல் இன்டு. கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலையும் விட்டுவிட்டார், அது ட்ரொப்ட். இவ்வளவு நடந்தும் அந்த அக்கா விழவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'ஷி ஃபெல்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

மண்சரிவு லேண்ட்ஸ்லைட் ஆனதும் இதனால்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் அந்தரத்தில் இருந்து விழவில்லை, சரிவோடு சரிந்து வந்துதான் தொழிலாளர் குடியிருப்பான லயங்களை மூடியது. பாறை பெயர்ந்து காற்றில் வந்து விழுந்தால் ரொக்ஃபால். மண்சரிவை லேண்ட்ஃபால் என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. அது புயல் கடலைத் தாண்டிக் கரையைத் தொடுவது. அடைமழைக் காலத்தில் வானிலைச் செய்தியில் இரண்டு சொல்லுமே வரும், மாற்றிப் படித்தால் விஷயமே தலைகீழ். லயத்துச் சுவர் பலமிழந்து இடிந்தால் கொலாப்ஸ், லொறிச் சில்லு சேற்றில் புதைந்தால் சிங்க்.

மூன்றாவது கேள்வி, தானாகவா, யாராவதா? போன் விழுந்தால் 'தி ஃபோன் ஃபெல்'. 'போனைக் கீழே போட்டுட்டேன்' என்றால் 'ஐ ட்ரொப்ட் மை ஃபோன்'. வேண்டுமென்று போட்டதாக அர்த்தம் வந்துவிடுமோ என்று சிலர் தயங்குவார்கள். வராது. எறிந்திருந்தால் த்ரோ. 'ஐ ஃபெல் தி ஃபோன்' மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

விடைத்தாள்களில் அடிக்கடி சிவப்பு மை வாங்குகிற வசனம் 'மை ஃபாதர் ஃபெல்ட் டவுன்'. ஃபால் என்பதன் இறந்தகாலம் ஃபெல். ஃபெல்ட் என்பது ஃபீல் என்பதன் இறந்தகாலம், உணர்ந்தார் என்று பொருள். 'ஃபெல்ட் டவுன்' என்றால் அப்பா மனசு சோர்ந்து இருந்தார் என்று ஆகிவிடும். காலில் அடிபட்டவருக்கு மனசில் அடி! இதோடு விட்டதா என்றால் இல்லை. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு ஃபெல் என்று தனி வினையே இருக்கிறது, அதன் இறந்தகாலமும் தமிழில் எழுதினால் ஃபெல்ட்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் அது felled, உணர்ந்ததற்கு felt. காற்றில் சவுக்கு மரம் சாய்ந்தால் 'தி ட்ரீ ஃபெல்', ஆள் வைத்து வெட்டினால் 'தே ஃபெல்ட் தி ட்ரீ'.

ஆள், பொருள் இல்லாமல் அளவு இறங்குகிற இடங்களில் வேலை சுலபம். நுவரெலியாவில் ஜனவரி வெப்பநிலை, கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை, மவுசாகலையில் நீர்மட்டம் எல்லாவற்றுக்கும் ஃபால், ட்ரொப், கோ டவுன் எது போட்டாலும் சரி. டிசென்ட் வேண்டாம். கவனிக்க வேண்டியது பின்னால் வரும் சொல்லைத்தான். 'ஃபெல் பை 50' என்றால் ஐம்பது குறைந்தது, 'ஃபெல் டு 50' என்றால் குறைந்து ஐம்பதில் வந்து நின்றது. நாணயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. எண் ஏறுகிறதே என்று 'தி ருப்பீ ரோஸ்' எழுதிவிடாதீர்கள். ஏறியது டொலர். நம்முடைய ரூபாய்க்கு ஃபெல்தான்.